எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் ஒரு பகல்

நான் மெட்ராஸைப் பார்த்தது என் ஆயுசில் ஒரே ஒரு நாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் அல்ல. ரோடு போட்டு, பாலம் கட்டி, லாரிக்கு வழி பண்ணிக் கொடுக்கிற பட்டாளம். துறையூர்ச் சந்தைக்கு மிளகு விற்கப் போனவர், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றுவிட்டார். மலைக்குத் திரும்பி வந்து சொன்னபோது கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் வைத்தாகிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் வீடு கொல்லிமலையில் திருப்புலி நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் இருந்தது. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோய்விட்டார். வீட்டில் மாமனாரும் நானும்தான். சாமையும் கேழ்வரகும் விதைப்போம், பலா மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தோம். என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போன பிறகு மாமனார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நானும் குறைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அவர் லீவில் வந்தார். எங்கேயோ வடக்கே காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியவருக்குக் கொஞ்சம் நீண்ட லீவாகவே கொடுத்திருந்தார்கள். அந்த லீவில் கூரைக்குப் புதுப்புல் வேய்ந்தார், பன்றி புகாமல் சாமைக் காட்டுக்கு வேலி கட்டினார், சாயங்காலமானால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பட்டாளத்துக் கதைகளைச் சொன்னார். அவருக்கு யாரைப் போலவும் பேசிக் காட்ட வரும். வெள்ளைக்கார அதிகாரி, பஞ்சாபிச் சமையல்காரன், ரயிலில் டீ விற்கிறவன் எல்லோரும் எங்கள் அடுப்படிக்கு வந்துபோனார்கள். மாமனார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவார்.

லீவு முடிகிற சமயத்தில் ஒருநாள், "நீயும் மெட்ராஸ் வரைக்கும் வா புள்ள. கடல் காட்டறேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். திருச்சியில் ஏறினால் விடியற்காலை எழும்பூரில் இறக்கிவிடுவான். அவர் வடக்கே போகும் ரயில் சாயங்காலம் சென்ட்ரல் என்ற வேறு ஸ்டேஷனில் இருந்து கிளம்பும். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடக்கிறது. அந்தப் பகலில் ஒரு வண்டி வைத்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

"நீ ரயிலேறிட்டா இந்தப் புள்ள எப்படித் திரும்பும்?" என்று மாமனார் கேட்டார்.

"நீங்களும் வாங்கய்யா. நீங்க மட்டும் கடலைப் பாத்திருக்கீங்களா?"

 மறுநாளே மாமனார் வேட்டியைத் துவைத்து வேலியில் காயப்போட்டார்.

மலையிறங்கி, புளியஞ்சோலை ஓடையில் முகம் கழுவி, நடந்தும் கரியில் ஓடுகிற பஸ்ஸிலுமாகத் திருச்சி போய்ச் சேர்ந்தோம். ரயிலில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். "மொத ரயிலில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று எதிரில் இருந்த அம்மாள் சொன்னாள். அவரும் அப்படித்தான் நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. அந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. எனக்கு அது அடிக்கடி தள்ளிப்போவதுதான் என்பதால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்வதற்கு வீட்டில் பெண்பிள்ளையும் இல்லை. இந்த வாந்தி வந்த பிறகுதான் எனக்கு உறுதியாயிற்று. ரயிலில் அத்தனை பேர் நடுவில், மாமனாரும் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? ஒரு முழுப் பகல் கிடக்கிறதே, எங்கேயாவது தனியாக நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காக்கள் நின்றன. அவர் காக்கி உடுப்பில் இருந்ததைப் பார்த்து ஒரு சாயபு முன்னால் வந்தார். நரைத்த தாடி, தலையில் வெள்ளைக் குல்லா, குரல் மட்டும் சின்ன வயசுக்காரன் குரல்.

"இன்னா பட்டாளத்துத் தம்பி, குடும்பத்தோட வந்துகீறே. எங்க போவணும்?"

"சாயங்காலம் சென்ட்ரல்லே ரயிலுங்க. அதுக்குள்ள ஊரைச் சுத்திப் பாக்கணும்."

"அப்டி சொல்லு! வெள்ளைக்காரன் கப்பல்லேர்ந்து எறங்குனா என்னாண்டதான் வருவான். உயிர் காலேஜ், செத்த காலேஜ், ஐக்கோர்ட்டு, கோட்டை, பீச்சு, எல்லாம் காட்டிட்றேன். குந்தும்மா. தாத்தா, பாத்து ஏறு."

உயிர் காலேஜ் என்றால் மிருகங்களை அடைத்து வைத்திருக்கும் இடம், செத்த காலேஜ் என்றால் பாடம் பண்ணிய உடல்களும் பழைய சிலைகளும் வைத்திருக்கும் இடம் என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் சென்ட்ரலுக்குப் போய் அவருடைய தகரப் பெட்டியையும் படுக்கையையும் ஒப்படைத்தோம். அதற்குப் பின்புறமே உயிர் காலேஜ்.

அங்கே ஒரு கூண்டுக்குள் கரடி இருந்தது. எங்கள் காட்டுக் கரடி, கறுப்பு, நெஞ்சில் வெள்ளைப் பட்டை. ஜனங்கள் கும்பலாக நின்று அதைப் பார்த்துக் கையைத் தட்டினார்கள். மாமனார் கம்பிக்குக் கிட்டே போனார். எங்கள் பலாப்பழத்தையெல்லாம் தின்று தீர்க்கிற ஜாதி அது. தீப்பந்தம் வைத்து அவர் விரட்டாத வருஷம் கிடையாது.

"நீ எப்படிப்பா இங்க வந்து மாட்டிக்கிட்ட?" என்று அதனிடம் கேட்டார். கரடி கூண்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தது. மாமனார் வெகு நேரம் அங்கிருந்து நகரவில்லை. பின்னால், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம் மெட்ராஸில் வந்தபோது, கூண்டு உடைந்தால் ஆபத்து என்று அந்த மிருகங்களைச் சுட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அதைக் கேட்ட அன்றைக்கு மாமனார் சாப்பிடவில்லை.

அங்கிருந்து ஐக்கோர்ட்டு. சிவப்புச் சிவப்பாக, கோபுரத்துக்கு மேல் கோபுரமாக நின்றது. சாயபு குதிரையை நிறுத்திச் சாட்டையால் சுட்டிக்காட்டினார்.

"இதாம்மா ஐக்கோர்ட்டு. லண்டனுக்கு அப்பால இதான் பெருசு. மேல பாத்தியா வெளக்கு? கடல்ல வர்ற கப்பலுக்கெல்லாம் அதான் வழி காட்டுது."

"இதுக்குள்ள ராஜா இருக்காருங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"ராஜா ஏது தாத்தா? ஜட்ஜுங்க. சண்டை தீத்து வைப்பாங்க."

"இத்தனை பெரிய ஊடு கட்டி வச்சிருக்காங்களே, அத்தனை சண்டையா இந்த ஊர்ல?"

சாயபு விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் குதிரைச் சாணத்தின் வாடையும் வைக்கோல் வாடையும் சேர்ந்து அடிவயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. "பாரு புள்ள, அங்க பாரு" என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கோட்டை மதில், கொடிமரம், மணிக்கூண்டு. நான் ஒவ்வொரு முறையும் அவர் நீட்டிய கையைத்தான் பார்த்தேன். வேலி கட்டும்போது முள் கிழித்த கீறல் அதில் இன்னும் ஆறவில்லை.

நடுவில் ஒரு கடைவீதியில் சாயபு வண்டியை ஓரங்கட்டினார். போட்டோ பிடிக்கிற கடை. "ஜோடியா ஒண்ணு புடிச்சுக்கோ தம்பி. பட்டாளத்துக்காரங்க எல்லாம் புடிச்சுக்கினுதான் போறாங்க" என்றார். மாமனார் முகம் சுண்டிப் போயிற்று. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் அப்போது நம்பினார்கள். "வேண்டாஞ் சாமி" என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "திரும்பி வரும்போது எடுத்துக்கலாம், விடுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் என் மகளிடம் காட்ட எங்களிடம் அவருடைய முகம் எதுவும் இல்லாமல் போயிற்று. அதற்காக மாமனாரை நான் ஒரு நாளும் கோபித்ததில்லை. அவர் தன் மகனைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

பீச்சுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் அதன் சத்தம்தான் எனக்குக் கேட்டது. மலையில் மழைக்காலத்து அருவி அப்படி இரையும். வண்டி திரும்பியதும் கண்முன்னால் ஒரே தண்ணீர். மாமனார் இறங்கி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணலிலேயே விழுந்து கும்பிட்டார். எழுந்து, நெற்றியில் ஒட்டிய மணலோடு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"சாயபு, குதிரைக்குத் தண்ணி காட்டோணுமில்லீங்க? வாங்க, நானும் வாரேன்" என்றார்.

"அதுக்கு இன்னா அவசரம் தாத்தா? மொதல்ல நான் இவுங்களுக்கு..."

"வாங்கங்கறேன்."

சாயபுவின் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைய பகலில் நாங்கள் இருவரும் முதல்முதலாகத் தனியாக நின்றோம்.

"ஏனுங்க."

"என்ன புள்ள, எப்படி இருக்குது கடலு?"

"கடலு இருக்கட்டுங்க. நான் முழுகாம இருக்கேன்."

அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று காதைக் கொண்டுவந்தார். நான் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு செம்படவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பூட்ஸோடு, காக்கி உடுப்போடு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.  பிறகு சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"காலையிலேயே சொல்றதுக்கு என்ன? இந்தக் கட்டடத்தையெல்லாம் எதுக்குப் பாத்தோம்? ஒரு மரத்தடியில உக்காந்திருக்கலாமே."

"எங்கீங்க விட்டாங்க? சாயபு மூச்சு விடாம பேசறாரு, மாமா பக்கத்துலயே இருக்காரு."

"அதுவுஞ் சரிதான்" என்றார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் எங்க போறேன்னு எனக்கே தெரியாது. வடக்க போய், அங்கிருந்து கப்பல்னு பேசிக்கிறாங்க. அய்யாகிட்டச் சொல்லல. இந்தத் தண்ணியத் தாண்டித்தான் எங்கியோ போவேனாட்டம் இருக்குது. நீ ஒருதரம் பாத்து வச்சுக்கிட்டீன்னா, நான் எங்க இருக்கேன்னு நெனைக்கறதுக்கு உனக்கு ஒரு இடம் இருக்குமில்ல? அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. ஆண் பிறந்தால் ஒரு பேர், பெண் பிறந்தால் ஒரு பேர் சொன்னார். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

சாயபு வந்து, "செத்த காலேஜ் இன்னும் பாக்கி கீது தம்பி, மணியாவுது" என்றார்.

"போதுங்க. இங்கயே இருக்கறோம்."

"அது எப்படி? எல்லாத்தையும் காட்றேன்னு சொல்லிக்கீறேன். ஊருக்குப் போயி, சாயபு ஏமாத்திட்டான்னு சொல்லமாட்டீங்க?"

மாமனார் குறுக்கே வந்தார். "சொல்ல மாட்டோமுங்க. நீங்களும் வந்து உக்காருங்க." சாயபுவுக்கு மனசே இல்லை. ஆனாலும் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். மிச்சப் பகல் அங்கேயே போயிற்று. நான் கட்டிக்கொண்டு வந்திருந்த சோறு கெட்டுப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் சுண்டல் வாங்கிவந்து கொடுத்தார். அது மட்டும் என் வயிற்றில் தங்கியது.

சென்ட்ரலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். அவர் ஏறின பெட்டியில் ஜன்னலுக்கு ஜன்னல் நாலு தலை. அவர் தலை எங்கோ நடுவில் தெரிந்தது. அப்பாவிடம், "அய்யா, அவளைப் பாத்துக்கங்க, கனமான வேலை குடுக்காதீங்க" என்று கத்தினார். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரயில் போனது. சாயபு எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பிளாட்பாரத்துக்கு வெளியிலேயே நின்றிருந்து எங்களை எழும்பூருக்குக் கூட்டிப்போனார். காலையில் கண்ணில் பட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் பேர் சொன்னவர், திரும்பும்போது அந்தக் கட்டடங்களைத் தாண்டி வாயே திறக்காமல் ஓட்டினார். இறங்கும்போது மட்டும், "புள்ளை பொறந்து தகப்பன் வந்தப்பறம் ஒருதரம் எல்லாரும் வாங்கம்மா. செத்த காலேஜ் காட்றேன்" என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று பார்த்தேன். மாமனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்புகிற ரயிலில், "உங்களுக்கு எப்படீங்க மாமா தெரியும்?" என்று கேட்டேன்.

"உன்ற மாமியா இவனைச் சொமந்தப்பவும் இப்படித்தான் கண்ணு, மொகம் வெளுத்துக் கெடப்பா" என்றார். 

சாமை அறுப்புச் சமயத்தில் மகள் பிறந்தாள். அதற்கு முன்னால் அவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. யாரோ எழுதிக்கொடுத்தவை, சௌக்கியம் என்பதற்குமேல் ஒன்றும் இல்லாதவை. மகள் பிறந்த செய்தியை அடிவாரத்தில் ஒருவரிடம் சொல்லி எழுதிப் போட்டோம். பதில் வரவில்லை. கடலுக்கு அப்பால் பெரிய பட்டணம் ஒன்று ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது, நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் பிடித்துவிட்டான் என்று துறையூரில் பேசிக்கொண்டார்கள். பிறகு பட்டாளத்திலிருந்து ஆள் காணவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

"காணோம்னா தேடோணுமில்ல?" என்று மாமனார் கேட்டார். "மாடு காணோம்னாலே தேடறோம்." சந்தை கூடும் நாளெல்லாம் மலையிறங்கிப் போனார். பட்டாளத்திலிருந்து யார் வந்திருந்தாலும் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்று, அவர் ஏறிவரும் நடையைப் பார்ப்பேன். கேட்க வேண்டியதில்லை, நடையிலேயே தெரிந்துவிடும். பொட்டும் பூவும் வைப்பதா வேண்டாமா என்று அத்தனை வருஷமும் எனக்குத் தெரியவில்லை. வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

யுத்தம் முடிந்து நாளாகி ஒருவர் வந்தார். புளியஞ்சோலைக்குக் கீழே வயல்காரக் குடும்பம். எலும்பும் தோலுமாக இருந்தார். மலையேற முடியாமல் எங்களைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே முகாமுங்க. ஜப்பான்காரன் கப்பல்ல ஏத்தி ஏதோ தீவுக்குக் கொண்டுபோனான். பேரு வாயில நொழையாதுங்க. வேலை, பட்டினி, காய்ச்சல். அவருக்குத்தான் பழைய காய்ச்சல் திரும்ப வந்துருச்சு. கடைசி வரைக்கும் நெனப்பு இருந்துச்சுங்க."

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "புள்ளை பொறந்தது அவுங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. எந்தக் கடுதாசியும் வல்ல. ஆனா இந்நேரம் பொறந்திருக்கும், இந்நேரம் நடக்கும், இந்நேரம் பேசும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு." கட்டிலில் சாய்ந்துகொண்டார். "ராத்திரியில காய்ச்சக்காரங்க முனகுவாங்க. அப்ப இவரு படுத்த வாக்குல மெட்ராஸைச் சுத்திக் காட்டுவாருங்க. ஜட்காக்கார சாயபு ஒருத்தராட்டமே பேசுவாரு. 'குந்தும்மா, இதாம்மா ஐக்கோர்ட்டு'ன்னு. பாதிப் பேரு மெட்ராஸைப் பாத்ததே இல்லீங்க. அத்தனை பேரும் சிரிப்போம். பீச்சு வந்ததும் நிறுத்திக்குவாரு. அங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா, அது உங்களுக்கில்லடாம்பாரு."

நான் எழுந்து மாடுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

காரியத்தைப் புளியஞ்சோலை ஓடையில் வைத்துச் செய்தோம். உடம்பு இல்லாததால் அவர் விட்டுப்போயிருந்த ஒரு வேட்டியை வைத்துச் செய்தார்கள். ஊர்ப் பெண்கள் என்னைத் தண்ணீரில் இறக்கித் தாலியைக் கழற்றினார்கள். என் மகள் கரையில் நின்று, தண்ணீர் சில்லென்றிருக்கிறதா அம்மா என்று கேட்டாள். எல்லோரும் மலையேறிப் போனார்கள். மாமனாரால் வேகமாக ஏற முடியவில்லை. நாங்கள் மூவரும் பின்தங்கினோம். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

எங்கள் ஜனத்தில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளலாம், அதில் குற்றம் இல்லை. அதைத்தான் அவர் பேச வந்தார்.

"கண்ணு, நீ சின்ன வயசு. இன்னொரு ஊட்டுக்குப் போறதுன்னா போ சாமி. நானே முன்ன நின்னு செஞ்சு வெக்கறேன். எனக்காவ இங்க கெடக்காத."

"அதுக்கு நான் முதல்ல அழுது முடிக்கோணுமுங்க மாமா" என்றேன். "இத்தனை வருஷம் அழக்கூடாதுன்னு இருந்துட்டேன். அழுதா அவுங்க இல்லேன்னு ஆயிருமேன்னு."

"அப்ப அழு" என்றார் அவர்.

அந்தப் பாறையில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் அங்கிருந்து எழுந்து போகவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. வெயில் இறங்கிவிட்டது. மகள் பசிக்கிறது என்றாள். மாமனார் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார், நான் அவருக்குப் பின்னால் ஏறினேன்.